ஆற்றோரம் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி: வடசென்னையிலிருந்து எங்கே போகலாம்?

#1 தண்டையார்பேட்டை தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்து வரும் வாரக்கடைசியில் குடும்பத்தோடு எங்காவது ஆற்றோரம் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்க ஆசை. நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், மச்சான், அவர் வீட்டுக்காரி, அப்புறம் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் மலை ஏறுவது, கயிற்றில் தொங்குவது, படகில் குதிப்பது எல்லாம் வேண்டாம். சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிப்பதைக் கேட்டுக் கேட்டு, இப்போது ஹாரன் இல்லையென்றால்தான் தூக்கம் கலைகிறது.

ஆறு பார்க்க அழகாக இருக்க வேண்டும். தண்ணீர் ஓட வேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது. மச்சானிடம் ஒரு டென்ட் இருக்கிறது. இன்னொன்று வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். எங்கே போகலாம், சொல்லுங்கள்.

#2 புதுவண்ணை பாய்ஸ்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தலைவா, நாகலாபுரம்! மாதவரத்திலிருந்து செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக நேராகப் போனால் ஆந்திரா எல்லை தாண்டியதும் வந்துவிடும். காட்டுக்குள் ஓடை, பாறைக்கு நடுவில் பச்சைத் தண்ணீர்க் குளம். தண்ணீரை ஒட்டின மாதிரி மணல் திட்டில் டென்ட் போடுங்கள், ராத்திரி போன்ஃபயர், ஒரு ஸ்பீக்கர். வேற லெவல்.

#3 ஓட்டேரி ஒண்டிக்கட்டை

புதுவண்ணைத் தம்பி சொன்ன இடம் அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அந்தப் பாறைகளுக்கு மேல் எப்படிக் கூட்டிப் போவது? அதுவும் காப்புக்காடு. ஆந்திர வனத்துறை ஒரு நேரம் விடும், ஒரு நேரம் விடாது. அனுமதி இல்லாமல் உள்ளே ராத்திரி தங்கினால் குற்றம். நம் பக்கமும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப் பாதைகளைத் திறந்து ஆன்லைனில் சீட்டு கொடுக்கிறது. ஆனால் அது நடக்கிறவர்களுக்கு. சும்மா இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இல்லை.

ஆகவே தம்பி, காட்டை விட்டுவிடுங்கள். ஆற்றங்கரையில் பட்டா நிலம், அதாவது யாராவது ஒருவருடைய தோப்போ கொல்லையோ, அதுதான் உங்களுக்குச் சரி. நிலக்காரர் 'இருங்கள்' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, நான் எப்போதும் எல்லோரிடமும் சொல்லிச் சலிப்பு வாங்கும் விஷயம். இடம் பார்க்கப் போனால் ஆற்றைப் பார்க்காதீர்கள், ஆற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அணை இருக்கிறதா? ஏரி இருக்கிறதா? திறந்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே வரும்? யார் தகவல் சொல்வார்கள்? ஒகேனக்கல்லில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். ஏனென்றால் கர்நாடகத்தில் கபினி அணையிலும் கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் திறந்த தண்ணீர் எல்லையில் பிலிகுண்டுலு தாண்டி வந்துகொண்டிருக்கும். மழை இங்கே பெய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தண்ணீரை ஒட்டின மணல் திட்டு போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அங்கே உட்காருங்கள், டீ குடியுங்கள், பையன் விளையாடட்டும். தூங்குவது மட்டும் கரை மேலே.

#4 புதுவண்ணை பாய்ஸ்

அண்ணே, ஜனவரியில் வெள்ளமா? ஓவராகப் பயமுறுத்துகிறீர்கள்.

#5 எண்ணூர்க்காரன்

பயமுறுத்தல் இல்லை தம்பி. உங்களுக்குப் புதுவண்ணாரப்பேட்டை, கொஞ்சம் தள்ளி இருக்கிறீர்கள். சடையன்குப்பம், மணலி புதுநகர், இடையஞ்சாவடி பக்கம் யாரையாவது கேளுங்கள். நவம்பர், டிசம்பர் வந்தால் நாங்கள் வானத்தைப் பார்ப்பதைவிட டிவியில் எங்கள் கொசஸ்தலை ஆற்றுக்கு மேலே இருக்கும் பூண்டி ஏரியின் மட்டத்தைப் பார்ப்பதுதான் அதிகம். மொத்த உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 34 தாண்டினால் பாத்திரத்தைப் பரணில் ஏற்ற ஆரம்பிப்போம். பூண்டி மதகு திறந்து, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு எல்லாம் தாண்டி எங்களிடம் வரும்போது இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வெயிலில் வீட்டுக்குள் தண்ணீர். அனுபவித்தால்தான் தெரியும்.

அதனால் ஒண்டிக்கட்டை அண்ணன் சொன்னது எங்களுக்குப் புதிதில்லை. சுற்றுலா போகும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

மற்றபடி தம்பிக்கு ஒரு வருத்தமான செய்தி: நம் கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதியில், அதாவது எங்கள் ஊரில், டென்ட் போட நினைக்கவே வேண்டாம். ஒரு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணெய் கலந்து வந்து அலையாத்தி மரமெல்லாம் இடுப்பு வரை கறுப்பாகிப் போனதை ஊரே பார்த்தது. இறால் தடவிப் பிழைத்தவர்கள் அந்தத் தண்ணீரில் கை வைக்கவே யோசித்தார்கள். முகத்துவாரத்தில் சாயங்காலம் காற்று மட்டும் இன்னும் நன்றாகத்தான் வீசுகிறது.

#6 ராயபுரம் ரேவதி

நான் ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன், யாருமே பேசவில்லை. கழிப்பறை?

போன வருடம் நாங்கள் 'ஆற்றோரக் கூடார முகாம்' என்று விளம்பரம் பார்த்து ஒரு இடத்துக்குப் பணம் கட்டிப் போனோம். பெயர் வேண்டாம். ஆறு என்று சொன்னது ஒரு மீன் பண்ணைக் குட்டை. அத்தனை டென்டுக்கும் சேர்த்து இரண்டே கழிப்பறை, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. நடுராத்திரி வரை ஸ்பீக்கர், விடிந்ததும் 'குட் மார்னிங் கேம்பர்ஸ்' என்று திரும்ப ஸ்பீக்கர். ராயபுரத்தில் மாதா கோவில் திருவிழா நாளில்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஆண்கள் 'இயற்கை, இயற்கை' என்று எழுதிவிடுவீர்கள். உடன் வரும் பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாமியாரையும் அழைத்துப் போகிறீர்கள், தம்பி. அழகான ஆறு இரண்டாவது. முதலில் இதைப் பாருங்கள்.

#7 ஓட்டேரி ஒண்டிக்கட்டை

ரேவதி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தோப்பு வீட்டில் ஒரு கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் சின்னதாக ஒரு நிற்கும் டென்ட் கிடைக்கிறது, துணி மாற்றவும் இதற்கும். தண்ணீரிலிருந்து இருநூறு அடியாவது தள்ளி, முக்கால் அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, மண் போட்டு மூட வேண்டும். காகிதம், நாப்கின் எல்லாம் பையில் கட்டித் திரும்ப ஊருக்கு.

#8 லோகோ பெரம்பூர்

காரில் போகிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு. ரயிலில் போகிறவர்கள் கேஸ் கேன், மண்ணெண்ணெய், அடுப்பு எதையும் பையில் வைக்காதீர்கள். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டர் வைத்துச் சமைத்ததில் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். முப்பது வருடம் ரயில்வேயில் சோறு தின்றவன், சொல்லாமல் இருக்க முடியாது.

போகிற ஊரில் இரண்டு செங்கல், நாலு விறகு கிடைக்காமலா போய்விடும்?

#9 பொன்னேரி வாத்தியார்

நான் ஆரணியாற்றுக்காரன். எங்கள் ஆற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் கோவில், ஆற்றங்கரைதான். காலை வெயிலில் அந்தக் கரை கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் டென்ட் போட நான் சொல்ல மாட்டேன். ஊர் ஒட்டிய கரை, ஆள் நடமாட்டம், போதாததற்கு மேலே பிச்சாட்டூர் அணை. அதைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் வெள்ளம் வரும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இன்னொன்று, ஆரணியாறானாலும் கொசஸ்தலையானாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். நீச்சல் தெரிந்தவனும் பள்ளத்தின் ஓரம் சரிந்து உள்ளே போகிறான். பையனை ஆற்றில் இறக்குவதற்கு முன் அந்த ஊர் ஆள் ஒருவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். அந்த வழியில் மட்டும் இறங்குங்கள்.

கொசஸ்தலையின் மேல் பகுதியைப் பாருங்கள் என்பது என் யோசனை. பூண்டிக்கு மேலே அது வேறு ஆறு. ஆற்றோரம் தங்குவது அங்கே பழைய பழக்கமும்கூட. அந்த ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார். பிற்பாடு நடந்த ஆய்வில் அவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று தெரிந்தது. தண்ணீர், கூழாங்கல், வேட்டை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததால் மனிதர்கள் திரும்பத் திரும்ப அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். போகிற வழியில் பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பையனுக்குக் காட்டுங்கள். உள்ளங்கையில் அடங்கும் கைக்கோடரி, இரண்டு பக்கமும் செதுக்கியது. பாடப்புத்தகப் படத்தில் பார்ப்பது போல இருக்காது.

#10 மணலி ஷிஃப்ட்

வாத்தியார் ஐயா சொன்ன மேல் கொசஸ்தலைதான் எங்கள் ஊர். நான் வேலைக்காக மணலியில் இருக்கிறேன், சொந்த ஊர் பள்ளிப்பட்டு பக்கம். வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.

நல்ல மழை பெய்த வருடம் என்றால் பொங்கலுக்கும் ஆற்றில் ஓட்டம் இருக்கும். அகலமான வெள்ளை மணல், நடுவில் இரண்டு மூன்று கிளையாகக் கணுக்கால் தண்ணீர், கரையில் கரும்பு, மா, சில இடத்தில் தென்னை. தூரத்தில் நகரி மலை. சென்னையிலிருந்து திருத்தணி போய் அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். கார் இல்லாதவர்கள் பெரம்பூரில் திருத்தணி மின்சார ரயில் ஏறினால் போதும், அப்புறம் பஸ்.

ஒண்டிக்கட்டை அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்: எங்களுக்கு மேலே ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது, அம்மபள்ளி அணை என்றும் சொல்வார்கள். அது நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் போய்விடும், அக்கரை ஊர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எல்லாம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். பொங்கலுக்குப் பிறகு பயம் குறைவு. இருந்தாலும் தண்டோரா போட்டால் கேட்கும் தூரத்தில் தங்குவது நல்லது. எங்கள் பெரியப்பா தோப்பு கரை மேலே இருக்கிறது. பம்பு செட் உண்டு, அதை ஒட்டிக் கழிப்பறையும் உண்டு, தாழ்ப்பாளோடு. ரேவதி அக்கா கவனிக்கவும்.

தம்பி, தனிச்செய்தியில் வாருங்கள், கேட்டுச் சொல்கிறேன். பணம் வாங்க மாட்டார். ஒரு கிலோ நல்ல காசிமேட்டுக் கருவாடு கொண்டுபோனால் மகிழ்ந்து போவார். உள்நாட்டில் அதற்குத்தான் பஞ்சம்.

#11 தண்டையார்பேட்டை தம்பி

அண்ணா, கோடி நன்றி. கருவாடு என் பொறுப்பு.

இப்போது வீட்டில் புதுப் பிரச்சினை. மாமியார் 'பாம்பு வருமே' என்கிறார். கரும்புத் தோட்டம் என்று நான் வாயை விட்டதும் ஆரம்பித்துவிட்டது. என்ன சொல்லித் தேற்றுவது?

#12 ஓட்டேரி ஒண்டிக்கட்டை

வராது என்று பொய் சொல்லாதீர்கள். கரும்பு இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு.

ராத்திரியில் கவலைப்பட வேண்டியது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிக்காது, கொசு கடித்த மாதிரிகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்று வலி, இமை தொங்கல் என்று தொடங்கும். அதனால்தான் வெறும் தார்பாய்க் கொட்டகையைவிட, தரையும் சுவரும் சேர்த்துத் தைத்த டென்ட் பாதுகாப்பு. ஆனால் ஜிப் மூடியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. 'காற்று வரட்டும்' என்று ஒரு சாண் திறந்து வைப்பார்கள் பாருங்கள், அந்த ஒரு சாண் போதும். காற்றுக்கு வலைக் கதவு இருக்கிறது. அதை மூடி, துணிக் கதவை மட்டும் சுருட்டிக் கட்டுங்கள்.

செருப்பு, ஷூ உள்ளே. காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. சாப்பாட்டு மிச்சம் டென்ட் பக்கத்தில் வேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேப்பிலை, மிளகு எல்லாம் நேர விரயம். கடிபட்ட கையோ காலோ அசையாமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தை எடுப்பது நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978 முதல் இருக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஒரு தைரியம் வரும். வராவிட்டால் கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்குங்கள்.

#13 காசிமேட்டு அலை

டென்ட் பற்றி நானும் ஒன்று சொல்லட்டுமா. கடைக்காரன் டென்டோடு கொடுக்கும் கம்பி முளை மண்ணுக்குத்தான். கரை மேலேகூட அங்கே மணல் கலந்த தரை. ராத்திரி காற்று எழுந்தால் முளை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

கரையில் வலை, தார்பாய் கட்ட நாங்கள் செய்வதைச் செய்யுங்கள். காலி அரிசிப் பையில் பாதி மணல் நிரப்பி வாயைக் கட்டுங்கள். முழங்கை ஆழம் குழி தோண்டி, கயிற்றைப் பையின் நடுவில் கட்டி, பையைக் கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்க வைத்து மூடி மிதியுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு பை. அசைத்துப் பாருங்கள், நீங்கள்தான் அசைவீர்கள். கயிறு நைலான் வேண்டாம், ஈரத்தில் தளரும், முடிச்சும் வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பான கயிறு வாங்குங்கள், எங்கள் பக்கம் வலைக் கடைகளில் கிடைக்கும்.

ஆற்று மீன் பிடித்துச் சுடுவேன் என்று மச்சான் சொல்வார். ஜிலேபிக் கெண்டை கிடைக்கும். மண் வாடை அடிக்கும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

#14 புதுவண்ணை பாய்ஸ்

எல்லாம் சரி, நெருப்பாவது மூட்டலாமா கூடாதா? நெருப்பு இல்லாத கேம்ப் ஒரு கேம்பா?

#15 மணலி ஷிஃப்ட்

தோப்புக்குள் கூடாது. ஜனவரியில் கரும்புச் சோகை காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். பெரியப்பா மனிதர் நல்லவர், ஆனால் சோகைப் பக்கம் பீடிகூடப் பிடிக்க விடமாட்டார். ஆற்று மணலில் மூட்டலாம். ஸ்பீக்கர் வேண்டாம் தம்பி. அக்கம்பக்கத்தில் விடியற்காலையில் எழுந்து பால் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

#16 ஓட்டேரி ஒண்டிக்கட்டை

மணலில் மூட்டினால் அணைப்பதைச் சரியாக அணையுங்கள். எல்லோரும் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். மணல் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், கங்கு அணையாது, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் குழந்தை வெறுங்காலோடு ஓடி அதன்மேல் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றி, கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகே விட வேண்டும். ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு குடம் எடுக்க என்ன சோம்பல்?

டென்ட் வாங்கும் விஷயம்: பெட்டியில் 'நான்கு பேர்' என்று போட்டிருந்தால் இரண்டு பேர், அவர்கள் பைகள். ஆறு பேருக்கு அப்படி இரண்டு டென்ட் நெருக்கடி. மாமியாருக்குக் கட்டில் என்றால் கணக்கு ஓரளவு சரியாகும். மேல்விரிப்பு தரை வரை இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுவது பனிக்கும் தாங்காது.

குளிர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி ஆற்றுப் பள்ளத்தில்தான் தேங்கும். கரை மேலே ஒரு போர்வை போதும் என்றால் மணலில் இரண்டு வேண்டும். மேலே தூங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே விரிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். போர்வையைவிடப் பாய்தான் முக்கியம், தரை சூட்டை உறிஞ்சிவிடும்.

#17 ராயபுரம் ரேவதி

குடிக்கத் தண்ணீர் கேன் எடுத்துப் போங்கள். பம்பு செட் தண்ணீர் என்றாலும் பையனுக்குக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வாயில் வைக்க வேண்டாம், மேலே மாடு குளிப்பாட்டுவார்கள். போய் வந்து கழிப்பறை எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் அது மட்டும் இருப்பதே இல்லை.

#18 தண்டையார்பேட்டை தம்பி

போய் வந்துவிட்டோம்! ஊர் திரும்பி வண்டியிலிருந்து மணலைத் தட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ரேவதி அக்காவுக்கு முதலில்: கழிப்பறை சுத்தம். தாழ்ப்பாள் உண்டு, விளக்கு இல்லை. கதவில் டார்ச் மாட்ட ஒரு ஆணி இருந்தது. பெண்கள் மூன்று பேரும் தண்ணீர் குடித்தார்கள்.

இடத்தைப் பார்த்ததும் மச்சான் ஓடிப்போய் தண்ணீர் ஓரம் மணலில் டென்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆசை யாருக்குத்தான் வராது, அப்படி ஒரு மணல். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் கரையில் ஒரு கருவேல மரத்தைக் காட்டினார். மச்சான் தலைக்கு மேலே, கிளை இடுக்கில், காய்ந்த செத்தையும் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன. 'கார்த்திகையில் தண்ணீர் இதுவரைக்கும் வந்தது' என்றார், அவ்வளவுதான். மச்சான் டென்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார். அதன் பிறகு பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, எந்த மரத்தில் எந்த உயரத்தில் செத்தை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தான்.

காசிமேட்டு அண்ணா, மணல் பை வித்தை பிரமாதம். இரண்டாம் ராத்திரி நல்ல காற்று. டென்ட் துணி படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, ஒரு மூலையும் நகரவில்லை. பெரியப்பா வந்து ஒரு பையைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போனார், பந்தல் போட வைத்துக்கொள்வாராம்.

பகலில் என்ன செய்தோம் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. வேப்பமர நிழலில் ஜமுக்காளம். மாமியார் புளி கொட்டை எடுத்தார், பெரியம்மாவோடு தெலுங்கும் தமிழும் கலந்து ஊர்க்கதை. மீன்கொத்தி ஒன்று ஒரே கல்லில் உட்கார்ந்து, தண்ணீரில் விழுந்து, திரும்ப அதே கல்லுக்கு வந்துகொண்டிருந்தது. பையன் அதை மணிக்கணக்கில் பார்த்தான். செல்போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் பம்பு செட் மேல் ஏறினால்.

ராத்திரி நான் எதிர்பார்க்காத ஒன்று: அமைதி என்று நினைத்துப் போனேன், அங்கே ஒரே சத்தம். தவளை, சில்வண்டு, அப்புறம் ஆட்காட்டிக் குருவி. ஆற்று மணலில் நாய் நடந்தாலும் நரி நடந்தாலும் அது எழுந்து ஊரைக் கூட்டிவிடுகிறது. முதல் ராத்திரி அது கத்தியபோதெல்லாம் நான் டார்ச்சோடு எழுந்தேன். அடுத்த ராத்திரி அது காவல் காக்கட்டும் என்று தூங்கிவிட்டேன்.

காலையில் டென்டுக்குள் மழை பெய்த மாதிரி ஈரம். எங்கள் மூச்சும் பனியும் சேர்ந்து உள்பக்கத் துணியில் முத்து முத்தாகத் தொங்கியது, தலை பட்டதும் கழுத்தில் வடிந்தது. மேலே இருக்கும் காற்று வழியைத் திறந்து வைத்திருந்தால் பாதி குறைந்திருக்குமாம். ஒண்டிக்கட்டை அண்ணன் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பாம்பு வரவில்லை. கருவாட்டு வாசனைக்கு ஊர் நாய்கள்தான் மொத்தமாக வந்தன. நெத்திலிப் பொட்டலத்தை வண்டி டிக்கியில் போட்டுப் பூட்ட வேண்டியதாயிற்று.

#19 ஓட்டேரி ஒண்டிக்கட்டை

ஈரத்தை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை தம்பி, அதையும் சொன்னால் நீங்கள் போயிருக்கவே மாட்டீர்கள். டென்டை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். மொட்டை மாடியில் நிழலில் விரித்து நன்றாகக் காய வையுங்கள். வெயிலில் போட்டால் துணியின் பூச்சு வெடிக்கும்.

பெரியப்பா காட்டிய செத்தை, அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. செத்தை தெரியாத இடத்தில் தூங்கப் போகும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ராத்திரி எழும்போது டார்ச் அடித்து, குச்சி எங்கே, தண்ணீர் எங்கே என்று பாருங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேலே ஏற வேண்டும்.

#20 எண்ணூர்க்காரன்

தம்பி எழுதினதைப் படித்துவிட்டு வீட்டில் காட்டினேன். 'அதே ஆறா?' என்று கேட்கிறார்கள். அதே ஆறுதான், நடுவில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சித்திரைக்குள் ஒருமுறை நாங்களும் போக வேண்டும். மணலி ஷிஃப்ட் தம்பி, அப்போது தண்ணீர் இருக்குமா?

#21 மணலி ஷிஃப்ட்

சித்திரையில் மணல் மட்டும்தான் அண்ணா இருக்கும். மாசிக்குள் வாருங்கள், மாங்காய் பிஞ்சு விட்டிருக்கும். பெரியப்பா இப்போதே கேட்கிறார், அடுத்த கூட்டம் வஞ்சிரக் கருவாடு கொண்டுவருமா என்று.

#22 காசிமேட்டு அலை

வஞ்சிரம் விலை தெரியாமல் கேட்கிறார். வாளை தருகிறேன், சொல்லுங்கள்.